இரண்டு பலூன்காரர்கள்

அந்தக் காலத்துக் கதைகளில் கொலைகாரன் ஒளிந்துகொள்ள வேண்டுமானால் காட்டுக்குப் போவான். மலைக் குகையோ, பாழடைந்த மண்டபமோ, ஆற்றங்கரை நாணற்புதரோ அவனுக்கு அடைக்கலம் கொடுக்கும். ராஜாவின் சேவகர்கள் தீவட்டி பிடித்துக்கொண்டு தேடுவார்கள். ஊருக்குள் அவனால் ஒரு பொழுது கூடத் தங்க முடியாது. புது முகம் ஒன்று தெருவில் தலைகாட்டினால், திண்ணையில் உட்கார்ந்திருக்கும் கிழவர், "யாரப்பா நீ? யார் வீட்டுக்கு வந்திருக்கிறாய்?" என்று கேட்காமல் விடமாட்டார்.

பெரிய பட்டணங்கள் தோன்றிய பிறகு இந்த ஏற்பாடு தலைகீழாகிவிட்டது. லட்சக்கணக்கான ஜனங்கள் வாழும் இடத்தில் திண்ணை ஏது, கிழவர் ஏது? இப்போது காட்டில் தனியாக நடக்கிறவனைத்தான் நாலு பேர் சந்தேகத்தோடு பார்ப்பார்கள். பட்டணத்துக் கடைவீதியில் நடக்கிறவனை யாரும் பார்ப்பதில்லை. அவன் நம் தோளில் இடித்துவிட்டு, மன்னிப்பும் கேட்டுவிட்டுப் போகிறான். திகில் படம் என்ற ஒரு ஜாதிப் படம் பட்டணத்தைப் பிடித்துக்கொண்டு விடாமல் இருப்பதற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

இப்படிப்பட்ட படங்கள் எத்தனையோ வந்திருக்கின்றன. அவற்றில் இரண்டைப் பற்றி மட்டும் சொல்லப் போகிறேன். ஒன்று பெர்லின் நகரத்தில் 1931-ஆம் ஆண்டு வந்தது. மற்றொன்று வியன்னா நகரத்தில் எடுக்கப்பட்டு 1949-ல் வெளிவந்தது. நடுவில் பதினெட்டு வருஷங்கள். அந்தப் பதினெட்டு வருஷங்களில் ஹிட்லர் வந்து, உலகத்தை எரித்து, தானும் செத்துப் போய்விட்டான். இரண்டு படங்களிலும் ஒரு பலூன்காரர் வருகிறார். இரண்டு படங்களிலும் குழந்தைகள் சாகிறார்கள். இரண்டிலும் நாம் அந்தக் குழந்தைகளின் சாவைக் கண்ணால் பார்ப்பதில்லை.

*

முதல் படத்தின் பெயர் ஒரே எழுத்து: 'எம்'. கொலைகாரன் என்பதற்கான ஜெர்மன் சொல்லின் முதல் எழுத்து அது. டைரக்டர் ஃப்ரிட்ஸ் லாங். அவர் 1890-ல் வியன்னாவில் பிறந்தவர் என்பதை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கதையை அவரும் அவர் மனைவி தெயா ஃபான் ஹார்பௌவும் சேர்ந்து எழுதினார்கள்.

அந்தச் சமயத்தில் ஜெர்மனியே ஒரு கொலைகாரனைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தது. ட்யுஸ்ஸல்டார்ஃப் நகரத்தில் பீட்டர் க்யுர்ட்டன் என்பவன் தொடர்ந்து பல கொலைகள் செய்து 1930-ஆம் ஆண்டு மே மாதம் பிடிபட்டான். அடுத்த ஏப்ரலில் விசாரணை நடந்து மரண தண்டனை விதிக்கப்பட்டது. ஜூலை 2-ந் தேதி தலையை வெட்டினார்கள். லாங்கின் படம் மே 11-ந் தேதி வெளிவந்தது. அதாவது தீர்ப்புக்கும் தண்டனைக்கும் நடுவில். கொட்டகைக்குப் போன ஜனங்கள் எந்த மனநிலையில் போயிருப்பார்கள் என்று நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

படம் ஒரு தாயிடம் ஆரம்பிக்கிறது. துணி துவைத்துப் பிழைக்கிற ஏழை ஸ்திரீ. பள்ளிக்கூடம் விட்டு எல்ஸி வரும் நேரம் என்று மேஜையில் தட்டு வைக்கிறாள். கடிகாரத்தைப் பார்க்கிறாள். மாடிப்படியில் எட்டிப் பார்க்கிறாள். தெருவில் எல்ஸிக்கு யாரோ ஒரு மாமா, கண் தெரியாத பலூன்காரரிடம் ஒரு பலூன் வாங்கிக் கொடுக்கிறார். வாங்கும்போது ஏதோ ஒரு மெட்டைச் சீட்டியடிக்கிறார். அவ்வளவுதான். தாய் கூப்பிடுகிறாள், காலி மாடிப்படி தெரிகிறது. இன்னொரு முறை கூப்பிடுகிறாள். காலித் தட்டு தெரிகிறது. புதரிலிருந்து ஒரு பந்து உருண்டு வந்து நிற்கிறது. தந்திக் கம்பியில் பலூன் மாட்டிக்கொண்டு தத்தளிக்கிறது. பிறகு காற்று அதைக் கொண்டுபோய் விடுகிறது.

ரத்தமும் கூச்சலும் காட்டினால்தான் ஜனங்கள் பயப்படுவார்கள் என்று நினைக்கிறவர்கள் இந்த ஐந்து நிமிஷத்தை ஒரு தரம் பார்க்க வேண்டும். லாங் எடுத்த முதல் பேசும்படம் இது. பின்னணி சங்கீதம் என்று ஒன்றுமே கிடையாது. அந்தச் சீட்டி ஒன்றுதான். அது நார்வே தேசத்து க்ரீக் என்பவரின் மெட்டு. கொலைகாரனாக நடித்த பீட்டர் லோர்ரிக்குச் சீட்டியடிக்க வராதாம். டைரக்டரே அவனுக்காகச் சீட்டியடித்திருக்கிறார்.

போலீஸார் கொலைகாரனைத் தேடி ராத்திரிக்கு ராத்திரி சாராயக் கடைகளையும் சூதாட்ட விடுதிகளையும் சோதனை போடுகிறார்கள். இதனால் பட்டணத்துத் திருடர்களின் தொழில் படுத்துவிடுகிறது. அந்தக் கால பெர்லினில் திருடர்களுக்குச் சங்கங்கள் இருந்தன. இது சினிமாக் கற்பனை அல்ல, சரித்திர உண்மை. சேமிப்புச் சங்கம், பாட்டுச் சங்கம் என்றெல்லாம் பதிவு செய்துகொண்டு, அங்கத்தினர் ஜெயிலுக்குப் போனால் குடும்பத்துக்கு உதவி, செத்துப் போனால் உயர்ந்த தொப்பிகளோடு கௌரவமான சவ ஊர்வலம் என்று நடத்தி வந்தார்கள். படத்தில் அந்தச் சங்கத்தார் கூடி, கொலைகாரனைத் தாங்களே பிடித்துவிடுவது என்று தீர்மானம் போடுகிறார்கள். ஊரிலுள்ள பிச்சைக்காரர்களைத் தெருவுக்கு ஒருவராகக் காவல் வைக்கிறார்கள். கடைசியில் அடையாளம் கண்டு சொல்கிறவர் யார் தெரியுமா? கண் தெரியாத அந்தப் பலூன்காரர்தான். 40 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜனங்கள் கண்ணிருந்தும் பார்க்காததை அவர் காதால் பார்த்துவிடுகிறார்.

பாழடைந்த சாராய ஆலை ஒன்றில் திருடர்கள் நீதிமன்றம் கூட்டுகிறார்கள். தோல் கோட்டும் கையுறையும் அணிந்த பெட்டி உடைப்பான் ஒருவன்தான் தலைமை. எதிரே உருண்டை முகமும் பிதுங்கிய விழிகளுமாகக் கொலைகாரன். தன்னால் தன்னை அடக்க முடியவில்லை, தன்னைத் தானே துரத்திக்கொண்டு அலைகிறேன் என்று அவன் முழங்காலில் விழுந்து கதறுகிறான். இவன் நோயாளி, நோயாளியைக் கொல்ல யாருக்கும் உரிமை இல்லை என்று ஒருவன் எழுந்து வாதாடுகிறான். கூட்டம் கேட்க வேண்டுமே! கொல்லு, கொல்லு என்று கூச்சல் போடுகிறது. அந்தக் கட்டத்தில் எனக்குக் கொலைகாரனைக் காட்டிலும் கூட்டத்தைப் பார்த்துத்தான் பயம் உண்டாயிற்று.

அந்தப் பயம் வீண் பயம் அல்ல. 1930-ஆம் வருஷத்துச் செப்டம்பர் தேர்தலில் ஹிட்லரின் கட்சிக்கு 107 ஸ்தானங்கள் கிடைத்திருந்தன. படத்தைப் பார்த்துவிட்டு கோயபல்ஸ் தன் நாட்குறிப்பில் புகழ்ந்து எழுதி வைத்தான். மரண தண்டனைக்கு ஆதரவான படம் என்று அவன் புரிந்துகொண்டான்! லாங் ஒரு நாள் நம்முடைய டைரக்டராகிவிடுவார் என்றும் நம்பினான். அந்த நம்பிக்கை பலிக்கவில்லை. லாங்கின் தாயார் பிறப்பால் யூதர். 1933-ல் அவர் ஜெர்மனியை விட்டுப் போனார். கோயபல்ஸ் தன்னைக் கூப்பிட்டு ஸினிமா முழுவதையும் ஒப்படைப்பதாகச் சொன்னான், அன்றிரவே ரயிலேறிவிட்டேன் என்று லாங் பின்னால் வெகு நாள் சொல்லி வந்தார். கேட்கப் பிரமாதமாக இருக்கும். ஆனால் அவருடைய பாஸ்போர்ட்டைப் பார்த்தவர்கள், அந்த வருஷம் அவர் பல மாதங்கள் வருவதும் போவதுமாக இருந்தது தெரிகிறது என்கிறார்கள். கதை சொல்கிறவர்களுக்கு இந்தப் பலவீனம் உண்டு. நானும் அந்த ஜாதியைச் சேர்ந்தவன் என்பதால் இதை ஒரு குற்றமாகச் சொல்லமாட்டேன்.

அந்தத் திருட்டு நீதிமன்றத்தில் நின்ற மற்றவர்கள் என்ன ஆனார்கள் என்பதுதான் விசேஷம். தலைமை வகித்த பெட்டி உடைப்பானாக நடித்தவர் குஸ்டாஃப் க்ருண்ட்ஜென்ஸ். நாஜி ஆட்சியில் அவர் கோயரிங்கின் தயவில் பெர்லின் அரசாங்க நாடகசாலைக்கே தலைவரானார். குற்றவாளியாக முழங்காலில் விழுந்த லோர்ரி யூதர். 1933-லேயே ஓடிப்போய் உயிர் பிழைத்தார். கதை எழுதிய அம்மாள் கணவரை விவாகரத்து செய்துவிட்டு ஜெர்மனியிலேயே தங்கி, நாஜிகளின் காலம் முழுவதும் படங்களுக்கு எழுதிக்கொண்டிருந்தார்.

'எம்' படத்தை 1934-ல் தடை செய்தார்கள். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. 1940-ல் யூதர்களைத் தூஷித்து ஒரு பிரசாரப் படம் எடுத்தார்கள். லோர்ரி முழங்காலில் விழுந்து கதறும் அந்தக் காட்சியை வெட்டி அதில் ஒட்டினார்கள். யூதர்களின் புத்தி எப்படிப்பட்டது, பாருங்கள், என்பதற்கு அது சாட்சியாம்! நடிகன் நடித்ததை அவன் ஜாதியின் வாக்குமூலமாக ஆக்கிவிட்டார்கள். இதற்குப் பிறகு நடந்ததை உலகம் அறியும்.

*

இனி வியன்னாவுக்குப் போகலாம்.

1948-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் கிரஹாம் கிரீன் என்ற ஆங்கில நாவலாசிரியர் கதை தேடிக்கொண்டு அந்த ஊருக்குப் போனார். பழைய வியன்னா என்றால் நமக்கு நினைவு வருகிற சங்கீதமும் நாட்டியமும் அங்கே இல்லை. புகழ்பெற்ற இசை நாடக அரங்கு குண்டு விழுந்து எரிந்து போயிருந்தது. நகரத்தைப் பிரிட்டன், அமெரிக்கா, ரஷ்யா, பிரான்ஸ் ஆகிய நாலு தேசத்தாரும் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். நடு ஊர் மட்டும் பொது. அதன் அதிகாரம் மாதம் ஒருவராகக் கை மாறும். ஒரே ஜீப்பில் நாலு தேசத்துச் சிப்பாய்களும் உட்கார்ந்து ரோந்து சுற்றுவார்கள். ஒருவர் பாஷை ஒருவருக்குத் தெரியாது. நாலு மாமியார் உள்ள வீட்டு மருமகளின் நிலைமைதான் அந்த நகரத்துக்கு! இந்த நிலைமை 1955 வரையில் நீடித்தது.

கிரீனுக்குக் கதை அகப்படவில்லை. ஊர் திரும்பும் தறுவாயில் பிரிட்டிஷ் உளவு அதிகாரி ஒருவரோடு சாப்பிட்டபோது அவருக்கு இரண்டு சமாசாரங்கள் கிடைத்தன. ஒன்று, வியன்னாவின் அடியில் ஓடும் பெரிய சாக்கடைகள். அவற்றுக்கென்று தனிப் போலீஸ்படையே இருந்தது. மற்றொன்று பெனிஸிலின் கள்ள மார்க்கெட்.

பெனிஸிலின் என்றால் இன்று யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். அன்றைக்கு அது அமிர்தம். 1941-ல் ஆக்ஸ்ஃபோர்டில் முதன்முதலாக ஒரு போலீஸ்காரருக்கு அதைக் கொடுத்துப் பார்த்தார்கள். சாகக் கிடந்தவர் எழுந்து உட்கார்ந்தார். ஆனால் கையிருப்பு தீர்ந்துவிட்டது. அவருடைய சிறுநீரிலிருந்து கூட மருந்தைப் பிரித்தெடுத்துத் திரும்பக் கொடுத்தார்கள், போதவில்லை, இறந்துவிட்டார். யுத்தம் முடிந்த பிறகும் ராணுவ ஆஸ்பத்திரிகளின் கையில்தான் அது தாராளமாக இருந்தது. நம் தேசத்தில் பிம்பிரியில் சர்க்கார் தொழிற்சாலை ஏற்பட்டது 1954-ல். மருந்து வெளிவந்தது அதற்கடுத்த வருஷம். அதற்கு முன் கப்பலில் வந்த மருந்துக்காக நம்முடைய குடும்பங்களும் நகையை அடகு வைத்ததுண்டு. ஆகையால் இந்தப் படத்தின் கதை நமக்கு அந்நியமானதல்ல.

படம் 'மூன்றாவது மனிதன்'. டைரக்டர் கரோல் ரீட். ஹாலி மார்ட்டின்ஸ் என்ற அமெரிக்கன் வியன்னாவுக்கு வருகிறான். பால்ய சிநேகிதன் ஹாரி லைம் வேலை தருவதாகக் கூப்பிட்டிருக்கிறான். வந்து இறங்கினால், லைம் மோட்டார் மோதிச் செத்துவிட்டான், இப்போதுதான் அடக்கம் நடக்கிறது என்கிறார்கள். பிரேதத்தைத் தூக்கியவர்கள் இரண்டு பேரா, மூன்று பேரா? மூன்றாவது ஆள் யார்? மார்ட்டின்ஸ் துருவ ஆரம்பிக்கிறான்.

இந்த மார்ட்டின்ஸ் தொழிலால் எழுத்தாளன். குதிரையும் துப்பாக்கியுமாக மலிவுப் பதிப்பு நாவல் எழுதுகிறவன். ஓர் இலக்கியச் சங்கத்தார் அவனைப் பெரிய இலக்கியகர்த்தா என்று தவறாக எண்ணி மேடையில் ஏற்றி, ஜேம்ஸ் ஜாய்ஸைப் பற்றிக் கேள்வி கேட்கிறார்கள். அவன் விழிக்கிற விழி இருக்கிறதே! இலக்கியக் கூட்டங்களுக்குப் போய் வந்த எந்தத் தொடர்கதை ஆசிரியருக்கும் அது வயிற்றைக் கலக்கும்.

லைம் சாகவில்லை. படம் ஆரம்பித்து ஒரு மணி நேரத்துக்குமேல் ஆன பிறகு, இருட்டு வாசற்படி ஒன்றில் ஒரு பூனை யாருடைய காலையோ உரசுகிறது. எதிர்வீட்டு ஜன்னலில் விளக்கு எரிகிறது. வெளிச்சத்தில் ஒரு முகம் குறும்பாகப் புன்னகை செய்கிறது. ஆர்ஸன் வெல்ஸ்! படத்தில் அவர் வருவது கொஞ்ச நேரம்தான். ஆனாலும் படம் முழுவதும் அவர்தான் இருந்தது போல் ஜனங்கள் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்.

லைம் செய்த வியாபாரம் இதுதான். ராணுவ ஆஸ்பத்திரியிலிருந்து பெனிஸிலினைத் திருடி, கலப்படம் செய்து விற்றான். அது மூளைக் காய்ச்சல் கண்ட குழந்தைகளுக்குப் போடப்பட்டது. பிரிட்டிஷ் போலீஸ் அதிகாரி மார்ட்டின்ஸைக் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறார். இங்கேதான் ரீடின் மேதையைக் காண்கிறேன். நமக்கு அவர் ஒரு குழந்தையைக்கூடக் காட்டவில்லை. கட்டிலைக் குனிந்து பார்க்கும் மார்ட்டின்ஸின் முகத்தைத்தான் காட்டுகிறார். நர்ஸ் ஒருத்தி ஒரு கரடிப் பொம்மையை எடுத்துத் தலைகீழாகப் போடுகிறாள். பதினெட்டு வருஷத்துக்கு முன் பெர்லினில் உருண்டு வந்து நின்ற அந்தப் பந்துதான் எனக்கு ஞாபகம் வந்தது.

பெர்லின் கொலைகாரன் நோயாளி. தன்னை நினைத்துத் தானே நடுங்கினான். வியன்னா கொலைகாரனுக்கு நோய் ஒன்றுமில்லை. நல்ல தேகம், நல்ல சிரிப்பு, சிநேகிதர்களிடம் பிரியம், கொஞ்சம் தெய்வ நம்பிக்கை கூட. ராட்சத ராட்டினத்தில் மார்ட்டின்ஸை உயரே ஏற்றிக்கொண்டு போய்க் கீழே காட்டுகிறான். மனிதர்கள் புள்ளிகளாகத் தெரிகிறார்கள். அந்தப் புள்ளிகளில் ஒன்று அசையாமல் நின்றுவிட்டால் உனக்கு நிஜமாகவே வருத்தமா, புள்ளிக்கு இத்தனை பவுன் என்று கொடுத்தால் வேண்டாமென்பாயா என்று கணக்குக் கேட்கிறான். அரசாங்கங்களே இப்படித்தானே யோசிக்கின்றன, நான் மட்டும் ஏன் யோசிக்கக் கூடாது என்கிறான். 1949-ல் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல யாருக்கும் நா எழவில்லை.

அந்த ராட்டினத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1897-ல் எழுப்பியது. சுமார் 65 மீட்டர் உயரம். முதல் உலக யுத்தத்துக்குப் பின் அதை எட்வர்ட் ஸ்டைனர் என்ற வியாபாரி வாங்கினார். பிரித்து விற்பதாகத்தான் திட்டம்; ஆனால் பிரிக்கவில்லை. அவர் யூதர். 1938-ல் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கியதும் ராட்டினத்தைப் பறித்துக்கொண்டார்கள். 1944-ல் அவரை ஆஷ்விட்ஸ் முகாமில் கொன்றார்கள். அதே வருஷம் ராட்டினமும் தீப்பற்றி எரிந்தது. 1947-ல் திரும்ப ஓட்டியபோது முப்பது பெட்டிகளில் பதினைந்தை மட்டும் மாட்டினார்கள். லைமும் மார்ட்டின்ஸும் ஏறியது அந்த ராட்டினத்தில். ராட்டினத்தின் உரிமையாளரே நின்றுபோன புள்ளிகளில் ஒருவர் என்பது படத்தில் எங்கும் சொல்லப்படவில்லை.

இறங்கி வந்ததும், ஸ்விட்ஸர்லாந்து ஐந்நூறு வருஷ சமாதானத்தில் கண்டுபிடித்ததெல்லாம் குயில் கடிகாரம் ஒன்றுதான் என்று லைம் பரிகாசம் செய்வது எல்லாருக்கும் தெரிந்த கட்டம். அது கிரீன் எழுதியதல்ல, வெல்ஸ் சேர்த்தது. குயில் கடிகாரம் ஜெர்மனியின் கருங்காட்டுப் பிரதேசத்துச் சரக்கு என்று ஸ்விஸ்காரர்கள் பிறகு அவருக்குத் திருத்தம் சொன்னார்களாம்.

'எம்' படத்தின் தெருக்களில் பெரும்பாலானவை கொட்டகைக்குள் போட்டவை. ரீட் நிஜ வியன்னாவின் இடிபாடுகளிலேயே ராத்திரியில் தெருவுக்குத் தண்ணீர் அடித்து, கருங்கல் பளபளக்கும்படி படம் பிடித்தார். காமிராவைச் சாய்த்துச் சாய்த்து வைத்தார். உலகமே நிலை தவறிக் கிடப்பதுபோல் தோன்றும். இதைப் பார்த்த வில்லியம் வைலர் என்ற அமெரிக்க டைரக்டர், அடுத்த தடவை காமிரா மேல் வைத்துக்கொள்ளும்படி ஒரு ரசமட்டத்தைப் பரிசாக அனுப்பினாராம். சாக்கடைக்குள் இறங்க வெல்ஸ் முகம் சுளித்தார். ஆகவே துரத்தலில் ஒரு பகுதி லண்டன் ஸ்டூடியோவில் நடந்தது. சாக்கடைக் கம்பி மூடியின் வழியே தெருவைத் தொட முயன்று துடிக்கும் விரல்கள் டைரக்டருடையவை. சங்கீதமோ, ஒயின் கடையில் வாசித்துக்கொண்டிருந்த ஆன்டன் காரஸ் என்பவரின் ஸிதர் என்ற தந்தி வாத்தியம் ஒன்றுதான்.

லைமைப் பிடிக்கப் போலீஸார் ராத்திரியில் சதுக்கத்தைச் சுற்றி ஒளிந்திருக்கும்போது, சுவரில் ஒரு பெரிய நிழல் வருகிறது. வந்துவிட்டான் என்று எல்லாரும் மூச்சை அடக்குகிறார்கள். வருகிறவர் ஒரு கிழப் பலூன்காரர். குழந்தை எதுவும் இல்லாத அந்த வேளையில், பலூன் வாங்கிக்கொள்ளுங்கள் என்று சிப்பாயை நச்சரிக்கிறார். ரீட், வியன்னாக்காரரான லாங்குக்கு மரியாதை செய்தாரோ, தற்செயலோ! பெர்லின் பலூன்காரர் காதால் கண்டுபிடித்துக் கொடுத்தார். இவருக்குக் காதும் கண்ணும் இருந்தும் யாருக்கும் எந்தப் பிரயோஜனமும் இல்லை. சிப்பாய் ஒரு பலூனை வாங்கிக்கொண்டு அவரை அனுப்பி வைக்கிறான். கொஞ்ச நேரத்தில் அந்தச் சிப்பாய் லைமின் குண்டுக்குப் பலியாகிறான்.

லைமைக் கடைசியில் சுட்டுக் கொல்வது மார்ட்டின்ஸ்தான். நம் ஊரில் 1954-ல் எஸ். பாலசந்தர் எடுத்த 'அந்த நாள்' படமும் இதே இடத்தைத் தொடுகிறது. 1943-ல் சென்னையில் ஜப்பானியர் குண்டு போட்டதை வைத்து ஆரம்பிக்கிற கதை. பாட்டும் இல்லை, ஆட்டமும் இல்லை. தேசத்தைக் காட்டிக் கொடுத்தவன் மனைவியின் கையிலிருந்த துப்பாக்கியால் சாகிறான். வேண்டியவனே குற்றவாளி என்று தெரிந்தால் என்ன செய்வது என்பதற்குச் சென்னையும் வியன்னாவும் ஒரே விடையைச் சொல்லின. விடை சொன்னவர்களுக்கு அதனால் நிம்மதி உண்டாயிற்றா என்பது வேறு விஷயம்.

ஏனென்றால் வியன்னாவில் அன்னா இருக்கிறாள். லைமைக் காதலித்த நாடக நடிகை. செக் தேசத்து அகதி. கள்ளப் பாஸ்போர்ட்டில் காலம் தள்ளுகிறவள். அந்தப் பாஸ்போர்ட்டைச் செய்து கொடுத்தவன் லைம். எத்தனையோ குழந்தைகளைக் கொன்றவன் அவள் ஒருத்தியைக் காப்பாற்றியிருந்தான். அவனைக் காட்டிக் கொடுத்துக் கிடைக்கிற விடுதலை தனக்கு வேண்டாம் என்று அவள் ரயிலை விட்டு இறங்கிவிடுகிறாள். குழந்தைகள் ஆஸ்பத்திரியை அவள் பார்க்கவில்லை என்று நாம் சமாதானம் சொல்லலாம். பார்த்திருந்தாலும் அவள் மனம் மாறியிருக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

முடிவு விஷயத்தில் கிரீனுக்கும் ரீடுக்கும் வாதம் நடந்தது. மார்ட்டின்ஸும் அன்னாவும் சேர்ந்து போவதாக வைக்கலாம் என்றார் கிரீன். கூடாது என்றார் ரீட். ரீட் சொன்னதே சரி என்று கிரீன் பின்னால் ஒப்புக்கொண்டார். லைமை இந்தத் தடவை நிஜமாகவே அடக்கம் செய்தாகிவிட்டது. மார்ட்டின்ஸ் ஜீப்பிலிருந்து இறங்கி, மயானத்துச் சாலையோரத்தில் வண்டி ஒன்றில் சாய்ந்துகொண்டு காத்திருக்கிறான். இரண்டு பக்கமும் மொட்டை மரங்கள். வெகு தூரத்தில் அன்னா ஒரு புள்ளியாகத் தெரிகிறாள். நடந்து வருகிறாள். காமிரா அசையவில்லை. சருகுகள் ஒவ்வொன்றாக விழுகின்றன. கிட்டே வருகிறாள். அவனைத் திரும்பியும் பாராமல், தாண்டிப் போய்விடுகிறாள். மார்ட்டின்ஸ் ஒரு சிகரெட்டைப் பற்ற வைத்துக்கொண்டு, தீக்குச்சியை வீசி எறிகிறான்.